விலமோவிட்சே மக்களும் அவர்தம் மொழியும்



ஒரு மொழி எவ்வாறு நலிகின்றது, நலிந்த மொழியை எவ்வாறு காக்க முயல்கின்றனர் என்பவற்றிற்குப் போலந்து நாட்டின் தென்பகுதியிலுள்ள விலமோவிட்சே என்னும் சிற்றூர் சான்றாக விளங்குகின்றது. அதனைப் பற்றிச் சில கூற விழைகின்றோம்.

ஏறத்தாழ 3,000 மக்கள் வாழும் ஊர் அது. 13ஆம் நூற்றாண்டில் மேற்கிலிருந்து வந்து குடியேறியோரின் வழியில் வளர்ந்த செருமானிய இன மொழியாகிய விமிசோரிஸ் அங்கு வழங்குகின்றது. நெசவும் துணி வாணிகமும் அம்மக்களின் தொழில்களாக இருந்தன. நிலக்கிழாருக்குக் கட்டுண்டு கிடந்த அவர்கள், 1808இல் விலைகொடுத்துத் தம் விடுதலையைப் பெற்றனர். அம்மொழியில் ஃப்ளோரியான் பியேசிக் என்னும் கவிஞர் நெடுங்கவிதை இயற்றி, இலக்கியம் படைக்கும் ஆற்றல் அதற்கும் உண்டெனக் காட்டினார்.

1939இல் நாசிப் படைகள் போலந்தைக் கைப்பற்றின. விலமோவிட்சே மக்கள் செருமானியர் எனப் பட்டியலிடப்பட்டனர். போர் முடிந்தபின் அதுவே அவர்கள்மீது குற்றமாய் விழுந்தது. உள்ளூர்க் கம்யூனிச ஆட்சியினர் அவர்தம் மொழிக்கும் மரபுடைக்கும் தடை விதித்தனர். பலர் வீடிழந்தனர், சிலர் உழைப்பு முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர்.

1956க்குப் பின் தடை நீங்கிற்று, அச்சம் நீங்கவில்லை. தாம் பட்ட துன்பம் பிள்ளைகளுக்கு வேண்டாமென்று பெற்றோர் போலிஷ் மொழியிலேயே அவர்களிடம் பேசினர். தாய்மொழியே தீங்கு தரும் என்று தாயே கருத நேர்ந்ததினும் கொடிய வன்முறை வேறுண்டோ? இன்று அம்மொழியைத் தாய்மொழியாகப் பேசுவோர் முதியோருள் மிகச் சிலரே. 2009இல் யுனெஸ்கோ அதனைக் கடும் அழிவாபத்திலுள்ள மொழியென வகைப்படுத்தியது.

எனினும் முயற்சி ஓயவில்லை. யூசெஃப் காரா என்னும் முதியவர் அம்மொழியில் நூல்கள் எழுதினார். சிறார்க்கு அதனைக் கற்பித்தார். 1993இல் பிறந்த திமோத்தெயுஷ் க்ருல், சிறுவனாயிருந்தபோதே முதியோரிடம் சென்று அவர்தம் பேச்சை ஒலிப்பதிவு செய்யத் தொடங்கினார். பின்னர் வார்சாப் பல்கலைக்கழக அறிஞர்களும் துணைநின்றனர். இளைஞர்கள் அம்மொழியைக் கற்று நாடகமும் நடிக்கின்றனர்.

இளைஞர்களே! அச்சமும் வெட்கமும் அவர்கள்மேல் பிறரால் சுமத்தப்பட்டவை. அத்தகைய சுமையை நம் சமுதாயமும் நன்கறியும். நம் பாட்டன் பாட்டியரின் சொல்லும் கதையும் உழைப்பின் வரலாறும் ஏடேறாமல் மறையலாகாது. கல்வி பெற்ற கரங்கள் அவற்றை எழுதட்டும். முதியோர் வாழும் காலத்திலேயே அப்பணியைத் தொடங்குவோமாக!