மெழுகு உருகும், நகை பிறக்கும்



டில்லி தேசிய அருங்காட்சியகத்தில் ஒரு சின்னப் பெண் சிலை இருக்கிறது. உயரம் 10.5 சென்டிமீட்டர்தான். ஒரு சாண் கூட இல்லை. ஆனால் இடது கை நிறைய வளையல்கள்! 1926-ல் மொகஞ்சதாரோவில் கிடைத்த வெண்கலச் சிலை அது. அதன் வயது ஏறக்குறைய 4,500 ஆண்டுகள்.

அந்தச் சிலையை வார்த்த முறை இன்னும் அழியவில்லை. சத்தீஸ்கர் மாநிலத்தின் பஸ்தர் பகுதியில் கட்வா மக்கள் அதே முறையில் பித்தளை நகை வார்க்கிறார்கள். இதை டோக்ரா வேலை என்பார்கள். நம் சுவாமிமலைச் சிற்பிகள் சாமி சிலை வார்ப்பதும் இந்த மெழுகு முறையில்தான்.

எப்படிச் செய்கிறார்கள்?

முதலில் தேன்மெழுகை நூல் போலப் பிழிகிறார்கள். மெழுகு நூலைச் சுற்றியும் பின்னியும் பதக்கம் செய்கிறார்கள். அதன்மேல் நைசான களிமண் பூசுகிறார்கள். பிறகு உமி கலந்த மண்ணைப் பூசுகிறார்கள். ஒரு துளை மட்டும் விடுகிறார்கள். சூடாக்கினால் மெழுகு உருகிப் போய்விடும். அந்த இடத்தில் உருக்கிய பித்தளை பாய்கிறது. ஆறியதும் மண்ணை உடைக்கிறார்கள். உள்ளே நகை! அச்சு உடைந்துவிட்டது. அதனால் ஒரு நகையைப் போல அச்சு அசலாக இன்னொரு நகை வராது.

இந்த வேலையில் கவனம் வேண்டும். மண் அச்சில் ஈரம் இருந்தால் கொதிக்கும் உலோகம் வெடித்துத் தெறிக்கும். பித்தளைப் புகையைச் சுவாசித்தால் காய்ச்சல் வரும். காற்றோட்டமான இடத்தில்தான் உருக்க வேண்டும்.

இதில் ஒரு கணக்கும் இருக்கிறது. மெழுகைவிடப் பித்தளை ஏறக்குறைய 9 மடங்கு கனம். பதக்கத்துக்கு 5 கிராம் மெழுகு பிடித்தால், பித்தளை 45 கிராம் வேண்டும். துளையில் தங்குவதற்குக் கொஞ்சம் கூடுதலாக உருக்க வேண்டும்.

சரி, அந்தப் பதக்கத்துக்கு என்ன விலை? வாங்க வருபவர் தராசில் வைப்பார். 45 கிராம் பித்தளைக்கு மட்டும் விலை சொல்வார். மெழுகுக்கு யார் கொடுப்பது? விறகுக்கு யார் கொடுப்பது? மெழுகு நூல் பின்னிய நாட்களின் கூலி எங்கே போனது?

தராசு பித்தளையைத்தான் நிறுக்கும். உழைப்பை நிறுக்காது. உழைப்பைக் கணக்கில் எழுத வேண்டும். பித்தளை எவ்வளவு, மெழுகு எவ்வளவு, விறகு எவ்வளவு, கூலி எத்தனை நாள்? நான்கு வரி போதும். கூட்டினால் அடக்க விலை தெரியும். அதற்குக் கீழே விற்றால் நஷ்டம்.

கைத்தொழில் எதுவானாலும் இந்த நான்கு வரி உதவும். மெழுகு உருகிப் போகும். எழுதி வைத்த கணக்கு போகாது.