பொடி எழுத்தில் இருக்கும் பெயர்

மலேசியாவின் பினாங்கில் இருக்கும் தண்ணீர்மலை முருகனைப் பார்க்க 500-க்கும் மேற்பட்ட படிகள் ஏற வேண்டும். தைப்பூசம் முடிந்ததும் மருந்துக்கடையில் முழங்காலைத் தடவிக்கொண்டு நிற்பவர்களில் என் அத்தையும் ஒருவர். காப்புறுதி கிடையாது. விலையைக் கேட்டதும் பத்து மாத்திரைக்குப் பதில் நான்கு போதும் என்பார். பார்க்க மனசு கேட்காது.

ஒருநாள் அவர் வாங்கிய வலி மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தோம். பெரிய எழுத்தில் செலிப்ரெக்ஸ். பக்கத்திலேயே பொடி எழுத்தில் செலிகோக்சிப். முன்னது நிறுவனம் வைத்த பெயர், பின்னதுதான் மருந்து. அதே செலிகோக்சிப்பை வேறு நிறுவனங்களும் தயாரிக்கின்றன. பெரும்பாலும் விலை குறைவு. மருந்தாளரிடம் இந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். பெட்டியில் 'எம்ஏஎல்' என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

2025 மே 1 முதல் தனியார் கிளினிக்குகளும் மருந்தகங்களும் மருந்து விலையைக் காட்சிக்கு வைக்க வேண்டும் என்பது சட்டம். அதனால் விலை கேட்கக் கூச்சமே வேண்டாம். மருத்துவரிடம் மருந்துச்சீட்டை எழுதி வாங்கி, நான்கு கடை விசாரித்தும் வாங்கலாம்.

நாள்பட்ட வலியா? அரசாங்க கிளினிக்குக்குப் போங்கள். குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி, மருந்தும் அதிலேயே அடக்கம். காத்திருக்க வேண்டியிருக்கும், காலையிலேயே கிளம்பிவிடுங்கள்.

இன்னொன்று. பெயர் வேறாக இருக்கிறதே என்று ஒரே மருந்தை இரண்டு அட்டையிலிருந்து சேர்த்து விழுங்கிவிடாதீர்கள். வயிறு புண்ணாகலாம், சிறுநீரகமும் கெடலாம். ரத்தக் கொதிப்போ இருதயக் கோளாறோ இருந்தால் அதை முதலில் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.