கரிசலுக்கு வேலி போடாதீர்கள்



கதை எழுதுகிறவர் ஒரே வகையில் நிற்க வேண்டுமா என்பது எனக்குத் தந்த தலைப்பு. வேண்டியதில்லை. இதுதான் என் பதில். ஏன் என்று சொல்லத்தான் இந்த மேடை.

ஒரே வகையில் நிற்க வேண்டும் என்ற சட்டம் எல்லோர்மீதும் ஒரே மாதிரி பாய்வதில்லை, கவனித்தீர்களா? கல்கி சோழர் கதையும் எழுதினார், 'அலை ஓசை'யும் எழுதினார். சுஜாதா துப்பறியும் கதை, விஞ்ஞானக் கதை, சரித்திரக் கதை என்று எழுதிக் குவித்தார். கொண்டாடினோம், சரிதான். ஆனால் நம் கரிசல் மண்ணிலிருந்து ஒரு பையன் பேனாவை எடுத்தால் என்ன சொல்கிறார்கள்? "தம்பி, ஒங்க ஊர்ப் பஞ்சத்த எழுதுங்க. அதுதான் ஒங்களுக்கு வரும்." பாராட்டுப்போலக் காதில் விழும் இந்தப் பேச்சுக்குள் ஒரு வேலி இருக்கிறது. அதைப் பிடுங்கி எறியத்தான் வந்திருக்கிறேன்.

சாட்சிக்கு வெளியூர் போக வேண்டாம். நம் அருப்புக்கோட்டைப் பக்கத்து மல்லாங்கிணறுதான் எஸ். ராமகிருஷ்ணனின் ஊர். அவருடைய 'நெடுங்குருதி'யில் வேம்பலை என்ற ஊரை விட்டு எறும்புகள் சாரைசாரையாக வெளியேறுவதை நாகு என்ற சிறுவன் பார்க்கிறான். பஞ்சம் வரப்போவதை எறும்பின் நடையில் படிக்கத் தெரிந்தவை நம் ஊர்க் கண்கள். அதே கண்கள்தான் 'யாம'த்தில் சென்னைப் பட்டணத்து அத்தர் வியாபாரியின் இரவைப் பார்க்கின்றன. 1802இல் ஆங்கிலேய அதிகாரி லாம்டன் தொடங்கிய நில அளவைக்குப் பின்னாலும் போகின்றன. அதற்கு முன்பே 'உப பாண்டவ'த்தில் மகாபாரதத்துக்குள் நடந்தவர் அவர். சிறுவர்களுக்கும் எழுதினார், சினிமாவுக்கும் வசனம் எழுதினார். இவ்வளவு சுற்றியபின் கரிசல் நாதஸ்வரக் கலைஞர்களின் அவமானத்தை எழுதிய 'சஞ்சாரம்' 2018இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. ஊரை விட்டு விலகிப் போனார் என்று யார் சொல்ல முடியும்?

கி.ராஜநாராயணனைப் பாருங்கள். சிறுகதை, நாவல், நாட்டுப்புறக் கதை, கடிதம், 1982இல் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி. புதுமைப்பித்தன் 1948இல் மறைந்தபோது அவருக்கு வயது 42. அதற்குள் 'காஞ்சனை'யில் பேய், 'சாபவிமோசன'த்தில் அகலிகை, 'துன்பக்கேணி'யில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக் கூலிகள். எந்த அலமாரியில் அடைப்பீர்கள் அவரை?

"ஒன்றிலேயே ஊன்றினால்தானே ஆழம்?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. மேலாண்மை பொன்னுச்சாமி கிராமத்து உழைப்பாளிகளை விட்டு நகராமல் எழுதினார். 'மின்சாரப்பூ' சிறுகதைத் தொகுப்புக்கு 2007இல் சாகித்திய அகாதெமி விருது. அவரை வணங்குகிறேன். ஆனால் அது அவராக நின்ற நிலை. இன்னொருவர் கட்டளை போட்டு அவரை நிறுத்தவில்லை. பல வகை போட்டாலும் ஆழம் குறையாது என்பது மானாவாரிக்காரனுக்குத் தெரியும். பருத்தி போட்ட காட்டிலேயே உளுந்தும் பாசியும் ஊடுபயிராகப் போடுகிறான். அதனால் அவனை அரைகுறைச் சம்சாரி என்று யாரும் ஏசுவதில்லை.

வகை மாறுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மாறினால் உழைப்பும் மாற வேண்டும். சரித்திரம் எழுதப் போனால் ஆவணம் படியுங்கள். துப்பறியும் கதை என்றால் காவல் நிலையமும் நீதிமன்றமும் எப்படி நடக்கின்றன என்று விசாரியுங்கள். மேலோட்டமாகத் தொட்டுவிட்டு ஓடுவதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை.

இளைஞர்களே, நம் காட்டுக்குள்ளேயே எத்தனை வகைக் கதைகள் கிடக்கின்றன! கரிமூட்டம் பார்த்திருக்கிறீர்கள். சீமைக்கருவேல விறகை அடுக்கி, மேலே மண் பூசி, தீ வைத்து, இராத்திரியெல்லாம் ஒருவர் காவல் இருப்பார். எங்காவது மண் விரிசல் விட்டுக் காற்றுப் புகுந்தால் மூட்டம் முழுவதும் சாம்பல். அந்தக் காவல்காரரின் இரவில் பேய்க்கதை இல்லையா? விரிசலை வேண்டுமென்றே உண்டாக்கியவன் யார் என்று தேடினால் துப்பறியும் கதை இல்லையா? அருப்புக்கோட்டைத் தறிக்கூடத்தில் காதல் கதை இருக்கிறது. இன்னும் நூறு வருஷம் கழித்துக் குண்டாறு எப்படி இருக்கும் என்று யோசித்தால் விஞ்ஞானக் கதை பிறக்கிறது. வறுமையை எழுதுங்கள், அது நம் கடமை. ஆனால் வறுமையை மட்டுமே எழுதப் பிறந்தவர்கள் என்று நம்மை யாரும் முத்திரை குத்த விடாதீர்கள்.

பதிப்பாளர்களே, கையெழுத்துப் பிரதியைப் படித்துப் பார்த்து முடிவு சொல்லுங்கள். எழுதியவரின் ஊர்ப்பெயரைப் பார்த்துச் சொல்லாதீர்கள். ஆசிரியர்களே, பேய்க்கதை எழுதிவரும் மாணவனைத் திட்டி அனுப்பாதீர்கள். வாசகர்களே, உங்களுக்குப் பிடித்த எழுத்தாளர் புதிய பாதையில் இறங்கினால் ஒரு புத்தகத்துக்காவது கூடப் போங்கள். எழுதுகிற தம்பி தங்கைகளே, அடுத்த கதை எந்த வகை என்று யாரிடமும் அனுமதி கேட்காதீர்கள். எழுதுங்கள்!