கண்ணோயும் காப்பு மருந்தும்



பங்காருபேட்டையில் இரயில் மாறித் தங்கவயல் செல்லும் நம்மவர் ஒருவருக்குக் கண் சிவந்தால், "மெட்ராஸ் ஐ" என்று விலகி நிற்கிறோம். பெயரில் ஊருண்டு, நோய்க்கு ஊரில்லை. பெரும்பாலும் அடினோவைரஸ் என்னும் நுண்கிருமியே அதற்குக் காரணம். அது பார்வையால் பரவாது. கையாலும் துண்டாலும் பரவும். 1953-இல் அமெரிக்க அறிஞர் வாலஸ் ரோ குழுவினர், குழந்தைகளின் அடினாய்டுத் திசுவில் அதனைக் கண்டறிந்தனர். பெயரும் அதனால் வந்தது.

பின்னாளில் அறிஞர்கள் அக்கிருமியின் பெருகும் ஆற்றலை நீக்கி, கொரோனாக் கிருமியின் புரதக் குறிப்பை அதன்மீது ஏற்றினர். 2021-இல் இந்தியாவில் அனுமதி பெற்ற ஸ்புட்னிக் தடுப்பூசி இருவகை மனித அடினோவைரஸ்களால் ஆனது; கோவிஷீல்டுக்குச் சிம்பன்சியின் அடினோவைரஸ் உதவியது. நோய் தந்த இனமே காப்புக்கும் துணையாயிற்று.

ஆயினும், கண் சிவந்தால் கைகளை அடிக்கடி கழுவுவோம். மருத்துவரைக் கேளாமல் சொட்டு மருந்து இடாதிருப்போம்.