சுவர் எழுமுன் சமையற்கட்டைத் திட்டமிடுவோம்



லயத்து வீட்டிலிருந்து சொந்த வீட்டிற்குக் குடிபெயரும் குடும்பங்களும், இருக்கும் வீட்டின் பின்புறத்தை விரித்துக் கட்டும் குடும்பங்களும் நம்மிடையே உண்டு. முன்கூடத்திற்கு என்ன நாற்காலி, என்ன திரைச்சீலை என்று பலநாள் எண்ணும் நாம், சமையற்கட்டை மட்டும் கொத்தனாரின் விருப்பத்திற்கு விட்டுவிடுகிறோம். இருள் பிரியுமுன் எழுந்து உலை வைத்து, மரம் சீவி வந்தபின் மீண்டும் அடுப்படியில் நிற்கும் பெண்ணின் கால்களே அதற்கு விலை கொடுக்கின்றன.

கணக்கிட்டுப் பார்ப்போம். அடுப்பிற்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் இடையே வேண்டாத 10 அடி தூரம் இருப்பதாகக் கொள்வோம். நாளொன்றுக்கு 50 முறை போய்வந்தால் 1,000 அடி. ஒரு மாதத்தில் 30,000 அடி, அதாவது ஏறக்குறைய 9 கிலோமீட்டர் வீண் நடையாகும்!

இதனை முன்னரே எண்ணிப் பார்த்தவர் உண்டு. 1926ஆம் ஆண்டில், ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரத் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக, மார்கரெட்டே ஷுட்டே-லிஹோட்ஸ்கி என்னும் கட்டடக் கலைஞர் ஒரு சமையலறையை வரைந்தார். அதன் அகலம் சுமார் 6 அடி. நீளம் சுமார் 11 அடி. சிறிய அறைதான், ஆயினும் ஒவ்வொரு பொருளும் கைக்கெட்டும் இடத்தில் அமைந்திருந்தது. எனவே, பெரிய அறை வேண்டுமென்பதில்லை. ஒழுங்கான அமைப்பே வேண்டும்.

பொருள் வைக்குமிடம், கழுவுமிடம், அடுப்பு ஆகிய மூன்றையும் ஒரு முக்கோணமாகக் கொள்க. மூன்று பக்கங்களின் கூட்டு நீளம் 13 அடிக்குக் குறையாமலும் 26 அடிக்கு மேற்படாமலும் இருத்தல் நன்று. பின்வாசலுக்குப் போகும் வழி இம்முக்கோணத்தின் ஊடே செல்லலாகாது. கொதிக்கும் குழம்புச் சட்டியோடு திரும்பும் தாயின்மீது ஓடிவரும் பிள்ளை மோதினால் விளைவு என்னவாகும்?

மேடையின் உயரம், சமைப்பவரின் முழங்கைக்குச் சுமார் 4 அங்குலம் கீழே இருக்கட்டும், முதுகுவலி குறையும். தொட்டியை வெளிச்சுவரை ஒட்டி அமைத்தால் கழிவுநீர்க் குழாயின் நீளமும் செலவும் குறையும். விளக்கு முதுகுக்குப் பின்னால் இருந்தால் நம் நிழலே அரிவாள்மனைமீது விழும். ஆகவே மேடைக்கு நேர்மேலே அமைத்திடுக.

எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தங்கும். தோம்பை நிமிர்த்தி, காற்றோட்டமான இடத்தில் வைத்திடுக. வாடை வந்தால் மின்விசையைத் தொடாமல், தோம்பின் திருகை மூடிக் கதவு சன்னல்களைத் திறந்திடுக. விறகடுப்பையும் வைத்துக்கொள்ள விரும்புவோர், அதனைப் புகை வெளியேறும் வழியோடு வீட்டிற்கு வெளியே அமைப்பதே நலம்.

கொத்தனாரை அழைக்குமுன் ஒன்று செய்யுங்கள். வெறுந்தரையில் சுண்ணக்கட்டியால் அடுப்பு, தொட்டி, மேடை ஆகியவற்றை உண்மை அளவிலேயே வரையுங்கள். வீட்டில் சமைப்பவர் அக்கோடுகளுக்குள் நின்று, அரிசி களைவது முதல் சோறு வடிப்பது வரை நடந்து பார்க்கட்டும். இடிக்கும் இடங்களும் எட்டாத இடங்களும் அப்போதே தெரிந்துவிடும். சுண்ணக்கோட்டை அழிக்க ஈரத்துணி போதும். எழுப்பிய சுவரை இடிக்கவோ இரட்டைச் செலவாகும்.

ஆடவர்க்கும் ஒரு வேண்டுகோள். அந்த அறையில் நாள்தோறும் நிற்கப்போகிறவரின் சொல்லே அங்கு முடிவாக இருக்கட்டும். முதிர்ந்து வெட்டப்படும் ரப்பர் மரம் இன்று அலமாரிப் பலகையாகிறது. நாம் பாலெடுத்த மரமே நம் வீட்டுப் பெண்ணின் கைக்கெட்டும் உயரத்தில் அலமாரியாய் நின்று அவர் உழைப்பைக் குறைக்கட்டும்.