சட்டம் இழுத்த கோடு

கோல்டன் கேட் பாலத்தைப் படத்திலாவது பார்க்காதவர்கள் குறைவு. செம்மண் நிறத் தொங்குபாலம், கீழே கடல், எதிர்க்கரையில் புல் மூடிய குன்றுகள். அடுத்தமுறை அந்தப் படம் கண்ணில் பட்டால் குன்றுகளை உற்றுப் பாருங்கள். சான் பிரான்சிஸ்கோவில் ஒரு சின்ன வீட்டின் விலையே தலைசுற்ற வைக்கும். ஆனால் பாலத்துக்கு அந்தப்பக்கக் குன்றுகளில் வீடுகளைக் காண்பதே அரிது.

அந்தக் குன்றுகள் தானாகத் தப்பவில்லை. 1964-இல் அங்கே மாரின்செல்லோ என்ற பெயரில், 30,000 பேர் குடியிருக்க ஒரு புதுநகரம் கட்டத் திட்டம் வந்தது. பணம் போட்டது கல்ஃப் எண்ணெய் நிறுவனம். அக்கம்பக்கத்து மக்கள் நீதிமன்றம் போனார்கள், திட்டம் முடங்கியது. 1972-இல் நேச்சர் கன்சர்வன்சி என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு 65 லட்சம் டாலர் கொடுத்து அந்த நிலத்தை வாங்கியது.

அதே சமயம் பாலத்தின் இந்தப்பக்கத்தில் இன்னொரு வேலை நடந்துகொண்டிருந்தது. பழைய ராணுவ நிலம் ஒன்றில் அரசு ஆவணக் கிடங்கு வரப்போகிறது என்று கேள்விப்பட்ட ஏமி மேயர் என்ற பெண், தன் வட்டாரத்தாரைத் திரட்டினார். மருத்துவரும், சியரா கிளப் என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் தலைவராக இருந்தவருமான எட்கர் வேபர்ன் அவரோடு சேர்ந்தார். கடற்கரை முழுவதையும் ஒரே பூங்காவாக்க வேண்டும் என்று இவர்கள் கேட்டார்கள். அதைச் சட்டமாக்கும் பொறுப்பை ஏற்றவர் அந்நகரிலிருந்து அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்குப் போன உறுப்பினர் பிலிப் பர்ட்டன்.

வேபர்ன் முதலில் கொண்டுபோனது ஒரு சிறிய வரைபடம். இதுதான் உங்களுக்கு வேண்டுமா என்று பர்ட்டன் கேட்டிருக்கிறார். இல்லை, இதைவிடப் பெரியது ஒன்று உண்டு, அது நிறைவேறாது என்று நினைத்தோம் என்றார் வேபர்ன். வேண்டியதைச் சொல்லுங்கள், நிறைவேற்றுவது என் வேலை என்று சொல்லி, பெரிய வரைபடத்தையே மசோதாவில் சேர்த்தார் பர்ட்டன். 1972 அக்டோபர் 27 அன்று அதிபர் நிக்சன் கையெழுத்திட்டார். கோல்டன் கேட் தேசியப் பொழுதுபோக்குப் பகுதி பிறந்தது அப்படித்தான்.

அந்தச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சிறு விதி. பாலத்தை ஒட்டி பிரசிடியோ என்ற ராணுவ முகாம், சுமார் 1,500 ஏக்கர். ராணுவம் அங்கிருந்து கிளம்பும் அறிகுறியே அன்று இல்லை. ஆனாலும், ராணுவத்துக்கு வேண்டாமென்று ஆகும் நாளில் அது பூங்காவைச் சேரும் என்று பர்ட்டன் எழுதி வைத்தார். 1983-இல் அவர் இறந்துபோனார். ராணுவ முகாம்களை மூடும் பட்டியலில் பிரசிடியோ இடம்பெற்றது அதன்பிறகு, 1988 டிசம்பரில். 1994 அக்டோபரில் நிலம் பூங்காவின் கைக்கு வந்தது. அந்த ஒரு விதி இல்லாமல் போயிருந்தால், அவ்வளவு விலைமதிப்புள்ள கடலோர நிலத்துக்கு எத்தனை பேர் போட்டிக்கு வந்திருப்பார்கள்!

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பூங்காவின் எல்லையை விரிவாக்கும் சட்டம் நிறைவேறிய மறுநாளே நிலம் கைமாறிவிடுவதில்லை. உரிமையாளர் உரிமையாளராகவே இருப்பார். எல்லைக் கோட்டுக்குள் இருக்கும் நிலத்தை வாங்க அல்லது நன்கொடையாகப் பெற தேசியப் பூங்காத் துறைக்கு அதிகாரம் வருகிறது, அவ்வளவுதான். பணம் வேறு வழியாக வர வேண்டும். இதற்கென்று 1964-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு நிதி ஏற்படுத்தினார்கள்; கடலடி எண்ணெய்க் குத்தகை வருமானத்தை அதற்குத் திருப்பியது 1968-இல். பல பத்தாண்டுகள் அந்தப் பணத்தில் பெரும்பகுதி வேறு செலவுகளுக்குப் போனது. ஆண்டுக்கு 90 கோடி டாலர் முழுமையாக அந்த நிதிக்கே என்று உறுதியானது 2020-இல்தான்.

ராஞ்சோ கோரல் டி டியரா என்ற இடத்தைப் பாருங்கள். நகருக்குத் தெற்கே மொன்டாரா மலையை ஒட்டி ஏறத்தாழ 4,000 ஏக்கர். 2001-இல் ஒரு நிலப் பாதுகாப்பு அறக்கட்டளை அதை வாங்கியது. பூங்கா எல்லைக்குள் அதைச் சேர்க்கும் சட்டம் வந்தது 2005 டிசம்பரில். பூங்காத் துறை பொறுப்பேற்றதோ 2011-இல். பத்து ஆண்டுகள் அந்த அறக்கட்டளை காத்திருந்தது. அடிவாரத்து வயல்களில் விவசாயம் தொடர்வதற்கும் ஏற்பாடு செய்திருந்தார்கள். அந்தப் பொறுமையை நான் வணங்குகிறேன்.

எல்லை விரிந்தபோது மனத்தாங்கலும் வந்தது. நாயை அவிழ்த்துவிட்டு நடந்து பழகியவர்களுக்குத் திடீரென்று கயிறு கட்டாயமானது. அவர்கள் கோபம் நியாயமற்றதல்ல. தலைமுறையாக நடந்த தடத்தில் புது விதியோடு ஒருவர் நின்றால் யாருக்கும் சுருக்கென்று இருக்கும். கூட்டம் கூட்டி, காரணம் சொல்லி, முன்கூட்டியே பேசியிருக்க வேண்டிய விஷயம் அது.

இருக்கும் பூங்காக்களின் கூரையையும் சாலையையும் பழுதுபார்க்கவே பணமில்லை, மேலும் நிலம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கூரையை அடுத்த ஆண்டு மாற்றலாம். ஆனால் வீட்டுமனையாகிவிட்ட குன்றை யார் மீட்பது? பழுதுபார்க்கவும் பணம் கேளுங்கள், நிலத்தையும் விடாதீர்கள் என்றுதான் நான் சொல்வேன்.

இன்று அந்தப் பூங்கா மூன்று கவுன்டிகளில் பரந்திருக்கிறது. ஆண்டுக்குக் கோடிக்கு மேற்பட்டோர் வருகிறார்கள், நுழைவுக் கட்டணம் இல்லாமல் நடக்கக்கூடிய இடங்களே அதில் மிகுதி. கோட்டுக்குள் இருப்பதெல்லாம் இன்னும் பூங்காவின் சொத்து அல்ல. தெற்கே சுமார் 23,000 ஏக்கர் நீர்ப்பிடிப்பு நிலம் எல்லைக்குள் இருந்தாலும் அது சான் பிரான்சிஸ்கோ நகரின் குடிநீர்த் துறைக்குச் சொந்தம். குடிநீர் தரும் மண் என்பதால் அதன் பெரும்பகுதிக்குள் யாரும் நினைத்தபடி நுழைய முடியாது. அங்கே கட்டடம் எழும்பாமல் இருப்பதே இப்போதைக்கு நல்ல லாபம்.