காயத்தின் அருகில் கசியும் பானை
(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



விலங்கியல் வகுப்பில் நாங்கள் கோழி முளையம் படித்தது ஞாபகம் இருக்கும். போர்க்காலத்தில், யூதப் பெண் என்பதால் பல்கலைக்கழகத்தில் இடமிழந்த றீற்றா லெவி-மொன்ரால்சினி, இத்தாலியில் தம் படுக்கையறையில் அதே முளையங்களைத்தான் ஆராய்ந்தார். நரம்பு வளர்ச்சிக் காரணியைக் கண்டறிந்ததற்காக 1986இல் நோபல் பரிசு பெற்றார்.

வளர்ச்சிக் காரணிகள், கலங்களை வளரவும் பெருகவும் தூண்டும் புரதங்கள். சத்திரசிகிச்சைக் காயத்தில் இட்டால் போதும், ஆறிவிடும் என்றே மருத்துவம் படித்த நாங்களும் எண்ணியிருந்தோம். ஆனால் அவை விரைவில் சிதைந்துவிடும், அல்லது இரத்தத்தோடு போய்விடும். அதற்காகக் கூட்டி வைத்தால் வேறு வில்லங்கம். எலும்பை வளர்க்கும் பிஎம்பி-2 புரதத்தைக் கொலாஜன் பஞ்சில் நனைத்து, இடுப்புப் பகுதி முள்ளந்தண்டில் வைக்க 2002இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. சிலர் அதைக் கழுத்திலும் வைத்தார்கள். பஞ்சோ பெரும்பங்கைத் தொடக்கத்திலேயே விட்டுவிடும். கழுத்து வீங்கி மூச்சுத்திணறியவர்கள் உண்டு. 2008இல் அரச எச்சரிக்கை வந்தது.

வாளியால் ஊற்றிய தண்ணீர் மணலில் ஓடிவிடும். தென்னம்பிள்ளைக்கருகே புதைத்த பானை கசிந்துகொண்டேயிருக்கும். கியோட்டோவில் தபாத்தா குழுவினர் செய்த ஜெலற்றின் கூழ் அந்தப் பானைதான்: புரதத்தை மின்னேற்றத்தால் பிடித்துவைத்து, தான் கரையக் கரைய விடும்.

அம்மாவுக்கோ மாமிக்கோ இப்படியொரு சிகிச்சை சொன்னால் கூச்சப்படாமல் கேளுங்கள்: எவ்வளவு, எந்த இடத்தில், எத்தனை நாள் தங்கும்? முன்பு புற்றுநோய் இருந்திருந்தால் அதை வைத்தியர் கேட்கும்வரை காத்திராமல் நீங்களே சொல்லிவிடுங்கள்.